பாக்கெட்டில் கைவிட்ட மனிதன்

அத்தியாயம் 9

கொலை கேஸ் வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் துப்பறிவாளரைத் தேடி வருவது காகிதம்தான். தொலைந்து போன பத்திரம், கையெழுத்துப் போடாமல் நழுவிய பங்காளி, வீடு மாறிப் போன சாட்சி. காகிதத்தைத் தேடிப் போகிறவனிடம் யாரும் துப்பாக்கியைக் காட்டுவதில்லை. படிக்கட்டைத்தான் காட்டுகிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில், இரண்டு முழங்காலும் தனித்தனியாகப் புகார் சொல்லும் நிலையில், அவர் அஞ்சுவது படிக்கட்டுக்கு மட்டும்தான்.

காலை பத்து மணிக்கு வக்கீலம்மா அவருடைய அலுவலகத்துக்கு வந்து, வருகிறவர்களுக்கென்று போட்டிருந்த வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது.

"பார்த்து மேடம்," என்றான் மைத்துனன். "அதுல ஒரு காலைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு. ஆடாம அசையாம உட்கார்ந்தா மத்தியானம் வரைக்கும் தாங்கும்."

மைத்துனன் என்பவன் துப்பறிவாளருடைய மனைவியின் தம்பி. மூன்று கடை வைத்து மூன்றையும் மூடிவிட்டு, நான்காவதாக அத்தானிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். கடையை மூடத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு வாயை மூடத் தெரியாது. வீட்டுச் சிபாரிசில் வந்தவன் என்பதால் துப்பறிவாளரும் எதுவும் சொல்வதில்லை.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "இந்த நாற்காலி விஷயம்தானே நாலு நாளா ஓடிட்டிருக்கு. ஆள் கிடைச்சாரா இல்லையா?"

"இல்லை," என்றார் துப்பறிவாளர்.

அந்த வெள்ளை நாற்காலியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆஸ்பத்திரி, பேங்க், லைசென்ஸ் ஆபீஸ், எங்கே காத்திருந்தாலும் அதில்தான் காத்திருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இருபது அடுக்கலாம். முதுகுப் பக்கம் நீளமாக ஒரு இடைவெளி இருக்கும். அதில் நாலு விரலை நுழைத்தால் குழந்தைகூட நாற்காலியைத் தூக்கிவிடும். அதை வடிவமைத்ததாகப் பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆள் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து அந்த உரிமை முழுவதையும் ஒரு பெண் டிசைனருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஆளை யாரும் பார்க்கவில்லை.

இப்போது அந்த டிசைனரம்மா உரிமையை விற்கிறார். வாங்க ஒரு பெரிய கம்பெனி தயார். வக்கீலம்மா அந்தக் கம்பெனியின் வக்கீல்.

"அந்தம்மாவோட பத்திரத்துல சாட்சி அவங்க அண்ணன். அவர் இப்ப உயிரோட இல்லை. முதல்ல எழுதிக் குடுத்தவர் 'ஆமா, நான்தான் குடுத்தேன்'னு ஒரு கையெழுத்துப் போடாம எங்க ஆளுங்க வாங்க மாட்டாங்க. இன்னிக்கு நாலு மணி வரைக்கும்தான் டைம். அப்புறம் வேற ஒரு டிசைனை எடுத்துப்பாங்க."

"எடுத்துக்கிட்டா இந்தம்மாவுக்கு என்ன ஆகும்?"

"இப்ப அதைத் தயாரிக்கிறவன்கிட்டயே திரும்பப் போகணும். அவன் வருஷா வருஷம் நாற்காலிக் காலை மெல்லிசாக்கிட்டே வரான். போன மாசம் ஒரு ஆஸ்பத்திரியில மாசமா இருந்த பொண்ணு உட்கார்ந்தது, கால் முறிஞ்சு விழுந்துடுச்சு. நல்ல வேளை, ஒண்ணும் ஆகலை. ஆனா அந்தப் பொண்ணோட புருஷன் எழுதின லெட்டர் டிசைனரம்மா மேசையில இருக்கு. விக்கிறதுக்கு அவங்க போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு. 'யாரும் எப்பவும் காலை மெல்லிசாக்கக் கூடாது.' எங்க ஆளுங்க அதைப் பத்திரத்துலயே எழுத ஒத்துக்கிட்டாங்க."

துப்பறிவாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். நாலு நாள். வாக்காளர் பட்டியல், வரி அலுவலகம், பாஸ்போர்ட், மரணப் பதிவு. அந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்கு இருந்தது. ஆனால் அவர்களில் ஒருவர்கூட நாற்காலி வரைந்தவர் இல்லை.

"செத்தவன்கூட ஒரு காகிதம் விட்டுட்டுப் போவான். இவர் வாழ்ந்ததுக்கே காகிதம் இல்லை," என்றார் அலுப்போடு. "மிச்சம் இருக்கிறது அவர் வரைஞ்ச டிராயிங்தான். அதைப் பார்த்துட்டு வரேன்."

"எத்தனாவது மாடி?" என்று கேட்டான் மைத்துனன்.

"மூணு."

"லிஃப்ட்?"

வக்கீலம்மா துப்பறிவாளருடைய முழங்காலைப் பார்த்தபடி எழுந்தார். நாற்காலி மறுபடி முனகியது.

*

டிசைனரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நரைத்த முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டு, அதில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்ல மறந்து அப்படியே நின்றார். தூக்கம் இல்லாத முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் துப்பறிவாளருக்குத் தன்னுடைய முகமே ஞாபகம் வந்தது.

"அவர் வெளிநாடு போயிட்டார். விலாசம் தெரியாது. இதை உங்ககிட்ட போன்ல மூணு தடவை சொல்லிட்டேன்."

"நாலாவது தடவை கேக்க வரலை. டிராயிங்கைப் பார்க்கணும்."

ஒரே அறைதான். ஜன்னலோரம் வரைபலகை. சுவர் முழுக்க அவர் பிற்காலத்தில் வரைந்த மேசை, பெஞ்சு, அலமாரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன மனித உருவம். டிசைனரம்மா பீரோவிலிருந்து ஒரு சுருளை எடுத்து மேசையில் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்க மனமில்லாதது போல் ஒரு நிமிஷம் அதன் மேலேயே கையை வைத்திருந்தார்.

ஏழு ஷீட்டுகள். மைத்துனன் ஒவ்வொன்றாக விரித்து மூலைகளில் டம்ளரையும் டேப்பையும் வைத்தான்.

"எல்லா ஷீட்லயும் ஒரு ஆள் நிக்கிறானே, யாரு மேடம்?"

"அளவுக்குப் போடறது. பக்கத்துல மனுஷன் நின்னாத்தான் நாற்காலி எவ்வளவு உசரம்னு பார்க்கிறவங்களுக்குப் புரியும்."

"பாக்கெட்லேர்ந்து கையை எடுக்கவே மாட்டேங்கிறானே. சில்லறை தேடறானா?" அடுத்த ஷீட்டைப் புரட்டினான். "இதுலயும் தேடறான். இதோ, முதல் ஷீட்ல பாருங்க அத்தான், பாவம், இவனுக்குக் காலே இல்லை. கணுக்காலோட நின்னுட்டான்."

டிசைனரம்மா சட்டென்று வந்து ஏழு ஷீட்டையும் சேர்த்துச் சுருட்டினார். சுருளின் விளிம்பில் மற்ற ஆறு ஷீட்டும் சமமாக நிற்க, முதல் ஷீட் மட்டும் நாலு விரல் குட்டையாக உள்ளே போய்விட்டதைத் துப்பறிவாளர் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவர் இன்னொரு பொய் சொல்வார், அதையும் சரிபார்க்க இன்னொரு மாடி ஏற வேண்டியிருக்கும்.

"அவர் உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"தெரிஞ்சவர். அவ்வளவுதான்."

"நீங்க அப்ப எங்க வேலை பார்த்தீங்க?"

"அங்கங்க."

வரைபலகையின் மேல் ஒரு பழைய இரும்பு ஸ்கேல் கிடந்தது. எண்கள் பாதி தேய்ந்து போயிருந்தன. ஆனால் ஓரத்தில் குத்திய முத்திரை தேயவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பழைய பர்னிச்சர் கம்பெனியின் முத்திரை அது. வரைகிறவர்கள் வேலையை விடுவார்கள், ஊரை விடுவார்கள், பழகின ஸ்கேலை மட்டும் விட மாட்டார்கள்.

துப்பறிவாளர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார்.

*

கம்பெனியின் பழைய முதலாளி இப்போது ஓய்வில் இருந்தார். மகன் கடையைப் பார்க்கிறான். இவர் ஷோரூமுக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து மகனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது. காதில் இன்னும் ஒரு சிவப்புப் பென்சில். அந்த அறையில் தேக்கில் செய்த நாற்காலிகள் ஆறு இருந்தன. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது ஒரு வெள்ளை நாற்காலியில்.

மைத்துனன் அத்தானை இடித்தான். துப்பறிவாளர் இடித்ததைக் கவனிக்காதது போல் கேட்டார். "உங்க சொந்தக் கம்பெனி நாற்காலியில உட்கார மாட்டீங்களா?"

"முதுகு வலி. இதுல உட்கார்ந்தா வலிக்கலை. ஆரம்பத்துல வந்த நாற்காலி இது, கால் கெட்டியா இருக்கும். பின்னாடி கை நுழைக்கிற இடத்தைப் பாருங்க, என் கையை அளவெடுத்துப் பண்ணின மாதிரி இருக்கு. எவன் பண்ணினானோ. என்கிட்ட வந்திருந்தா விட்டிருக்கவே மாட்டேன்."

துப்பறிவாளர் பதிவில் இருந்த பெயரைச் சொன்னார்.

"இங்க அப்படி ஒருத்தன் வேலை பார்க்கலை. என்கிட்ட வரைஞ்சவங்க பதினாலு பேர். பதினாலு பேரும் எப்படிக் கோடு போடுவாங்கன்னு இப்பவும் சொல்லுவேன்."

"ஒரு பொண்ணு இருந்தாங்களாமே."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "இருந்தா. பதினாறு வருஷம் ஆச்சு போய். பதினாலு பேர்ல அவதான் கெட்டிக்காரி. அதை அவகிட்ட நான் சொன்னதில்லை, சொன்னா தலைக்கனம் ஏறிடும்னு. ஆனா ஒரு குறை. கை வரைய வராது. மனுஷனைப் போட்டான்னா கை அஞ்சு விரலோட முள்ளங்கிக் கட்டு மாதிரி இருக்கும். ஒரு தடவை அந்த ஷீட்டைச் சுவத்துல ஒட்டி எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவ கை வரையவே இல்லை. எல்லா ஆளையும் பாக்கெட்ல கை விட்டுக்கச் சொல்லிட்டா."

மைத்துனன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். துப்பறிவாளர் அவன் காலை மிதித்தார். முழங்கால் வலித்தாலும் அந்த மிதியில் ஒரு திருப்தி இருந்தது.

"உங்ககிட்ட வேலை பார்க்கும்போது ஒருத்தர் வரைஞ்சா அது யாருக்குச் சொந்தம்?"

"இது என்ன கேள்வி? என் கூரைக்குக் கீழ வரைஞ்சது என்னுது. வீட்டுல உட்கார்ந்து வரைஞ்சாலும் என்னுதுதான். வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிடுவேன்." காதிலிருந்து பென்சிலை எடுத்து ஆட்டினார். "சனிக்கிழமை சனிக்கிழமை எல்லா டிராயிங்கும் என் மேசைக்கு வரணும். பிடிச்சா வெச்சுப்பேன். பிடிக்கலைன்னா சிவப்புல வேணாம்னு எழுதித் திருப்பிக் குடுத்துடுவேன். அதை அவன் எங்க கொண்டு போனாலும் நான் ஏன்னு கேட்டதில்லை. சிவப்புல எழுதினா எழுதினதுதான். நாப்பது வருஷத்துல ஒண்ணைக்கூட மாத்தினதில்லை."

"அருமையான வார்த்தை சார்," என்றான் மைத்துனன். மிதிபட்ட காலைத் தேய்த்துக்கொண்டே ஒரு காகிதத்தை நீட்டினான். "இதையே உங்க பென்சிலால எழுதி ஒரு கையெழுத்தும் போட்டுக் குடுங்க. எங்க ஆபீஸ்ல மாட்டறேன். எங்க அத்தான் காலையில சொன்னதை மத்தியானம் மாத்திடறார்."

முதலாளிக்குப் புகழ்ச்சி பிடித்திருந்தது. சொன்னது முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதி, தேதியும் போட்டுக் கொடுத்தார்.

*

பழைய காரின் கதவை இரண்டாம் தடவை அறைந்த பிறகுதான் அது மூடிக்கொண்டது. துப்பறிவாளர் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆளே கிடையாது. அந்தம்மாதான் அந்த ஆள்," என்றான் மைத்துனன். "அப்படித்தானே அத்தான்?"

"அப்படித்தான். ரெண்டு பேர் ஒரே மாதிரி கோடு போடலாம். ஒரே விஷயத்துக்கு வெக்கப்பட்டு ஒரே மாதிரி ஒளிச்சு வெக்க மாட்டாங்க. அந்தம்மா சுவத்துல பார்த்தியா? ஒருத்தி கையைப் பின்னாடி கட்டியிருக்கா. ஒருத்தன் பேப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான். அறை முழுக்க ஒருத்தருக்கும் கை இல்லை."

"அப்ப கேஸ் முடிஞ்சது. எழுதிக் குடுத்தவங்களும் வாங்கினவங்களும் ஒரே ஆள். அவங்களே கையெழுத்துப் போட்டுடலாமே."

"மச்சான், கணக்குப் போட்டுப் பாரு. பதிவு பண்ணி வருஷம் பதினெட்டு. அவங்க கம்பெனியை விட்டுப் பதினாறு. வரையும்போது அவங்க அந்தப் பெரியவர்கிட்ட வேலை பார்த்தாங்க. அப்படின்னா நாற்காலி அவரோடது. அதுக்குப் பயந்துதான் இல்லாத ஒரு ஆளை உண்டாக்கி, அவன் பேர்ல பதிவு பண்ணி, வேலையை விட்ட அப்புறம் அவன்கிட்டேர்ந்து தனக்கே எழுதி வாங்கிக்கிட்டாங்க."

மைத்துனன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"நாம உண்மையைச் சொன்னா?"

"நாற்காலி பெரியவரோட மகனுக்குப் போயிடும். அந்தம்மாவுக்குத் திருடின்னு பேர் வரும்."

"சொல்லலைன்னா?"

"நாலு மணிக்கு இல்லாத ஆளை எங்கேர்ந்து கூட்டிட்டு வர்றது? விற்பனை நின்னு போகும். கால் இன்னும் இளைக்கும். இன்னொரு பொண்ணு விழுவா."

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது அவருக்கு. கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தால் அன்றைக்காவது தூக்கம் வரும். இந்த மாதிரி கேஸில் உண்மையைக் கண்டுபிடித்தால் இருக்கிற தூக்கமும் போய்விடுகிறது. மணி இரண்டரை.

பின் சீட்டில் கிடந்த சிவப்பு எழுத்துக் காகிதம் கண்ணாடியில் தெரிந்தது. பிடிக்கலைன்னா வேணாம்னு எழுதித் திருப்பிக் குடுத்துடுவேன். துப்பறிவாளர் மெல்ல நிமிர்ந்தார்.

"அந்த முதல் ஷீட்ல ஆளுக்குக் கால் ஏன் இல்லை?"

"வரைய மறந்திருப்பாங்க."

"கைதானே வராது அவங்களுக்கு? மத்த ஆறு ஷீட்லயும் கால் நல்லாத்தானே இருந்தது?" சாவியைத் திருகினார். கார் இருமிவிட்டுக் கிளம்பியது. "வக்கீலம்மாவுக்குப் போன் பண்ணு. பத்திரத்தோட அந்தம்மா வீட்டுக்கே வரச் சொல்லு."

"மறுபடியும் மூணு மாடியா?"

"மறுபடியும் மூணு மாடிதான்."

*

டிசைனரம்மா இந்தத் தடவை உள்ளே வரச் சொன்னார். எதிர்த்துப் பேசும் தெம்பு அவரிடம் இல்லை. துப்பறிவாளர் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்தார்.

"வெளிநாடு போனவரை இனிமே தேடப் போறதில்லை. இதுல ஒரு கை மட்டும் வரைஞ்சு குடுங்க."

டிசைனரம்மா தாளைப் பார்த்தார். பென்சிலை எடுக்கவில்லை. பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று மைத்துனன் நினைத்தான். அழவில்லை. சும்மா மூடியிருந்தார்.

"எப்ப யாராவது வந்து கேப்பாங்கன்னு பதினெட்டு வருஷமா காத்துட்டிருந்தேன்," என்றார் கடைசியில். "கேட்டாச்சு. இப்ப நிம்மதியாத்தான் இருக்கு. போய் அவர்கிட்ட சொல்லிடுங்க. அவருக்கு வேலை பார்க்கும்போதுதான் வரைஞ்சேன். அவரோடதுதான்."

"அவர்கிட்ட ஒரு சனிக்கிழமை காட்டினீங்க இல்லையா?"

அவர் கையை எடுத்தார்.

"முதல் ஷீட்டோட அடியில நாலு விரல் அகலத்துக்கு வெட்டியிருக்கீங்க. உங்க ஆளோட பாதமும் அதோட போயிடுச்சு. அந்தத் துண்டு எங்க?"

"எதுக்கு அது? அதுலதான் தேதி இருக்கு, அவர் கையெழுத்து இருக்கு. நான் அங்க இருக்கும்போது வரைஞ்சதுன்னு அது ஒண்ணே போதும், என்னைப் பிடிச்சுக் குடுக்க. அதனாலதான் வெட்டினேன்."

"தூக்கிப் போட்டீங்களா?"

"மனசு வரலை. அந்த வார்த்தையை மறந்துடக் கூடாதுன்னு வெச்சிருந்தேன்."

வரைபலகையைத் தூக்கினார். அடியில் ஒரு நீளமான தகர டப்பா. அதற்குள் உடைந்த பென்சில் முனைகளுக்கு நடுவே மடிக்காமல் வைத்திருந்தார், ஒரு துண்டுக் காகிதம். துப்பறிவாளர் அதை முதல் ஷீட்டின் அடியில் பொருத்தினார். கணுக்காலோடு நின்றிருந்த ஆளுக்கு இரண்டு ஷூ வந்து சேர்ந்தது. ஷூவுக்குப் பக்கத்தில், நிறம் மங்காத சிவப்பில் எழுதியிருந்தது:

'இதில் எவன் உட்காருவான்? நமக்கு வேண்டாம். வேறு எங்கே வேண்டுமானாலும் கொண்டு போ.' கீழே கையெழுத்தும் தேதியும்.

மூச்சு வாங்க ஏறி வந்த வக்கீலம்மா வாசலிலேயே நின்று கதை முழுவதையும் கேட்டார். பிறகு அந்தச் சிவப்பு வரியை இரண்டு தடவை படித்தார். மைத்துனன் தன் காகிதத்தையும் பவ்யமாக எடுத்து நீட்டினான்.

"இதை ஆபீஸ்ல மாட்டலாம்னு இருந்தேன் மேடம். பரவாயில்லை, நீங்களே வெச்சுக்குங்க."

வக்கீலம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "புனைபேர்ல வரையறது தப்பில்லை. அந்த ஆள்கிட்டேர்ந்து வாங்கின பத்திரம் வெறும் காகிதம், அது தேவையே இல்லை. முதலாளியே வேண்டாம்னு விட்டுக் குடுத்திருக்கார், அதுக்கு இன்னிக்கு அவரே விளக்கமும் எழுதிக் குடுத்திருக்கார். எனக்கு இது போதும். உங்க சொந்தப் பேர்ல கையெழுத்துப் போடுங்க."

டிசைனரம்மாவுக்கு நம்ப முடியவில்லை. எரிச்சலில் எழுதிய வரி செல்லாது, வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுத்ததுதான் செல்லும் என்று நினைத்திருந்தார். தன்னைக் கவிழ்த்துவிடும் என்று பயந்து வெட்டி ஒளித்த துண்டுதான் இத்தனை வருஷமும் தன் பக்கம் இருந்திருக்கிறது. பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"அவருக்குப் போன் போடுங்க."

"வேணாம்மா," என்றார் வக்கீலம்மா. "எழுதினது அவருக்கு ஞாபகம் இல்லை. இப்ப அந்த நாற்காலி என்ன மாதிரி போகுதுன்னு தெரியும். மறுத்துட்டார்னா கோர்ட்டு, கேஸ்னு பத்து வருஷம் இழுக்கும். மணி மூணே முக்கால். எங்க ஆளுங்க காத்திருக்க மாட்டாங்க. கேக்காம இருந்தா உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை."

"இல்லாத ஒரு ஆளுக்குப் பின்னாடி பதினெட்டு வருஷம் ஒளிஞ்சுட்டேன். இனிமே முடியாது. அசதியா இருக்கு. போடுங்க."

துப்பறிவாளர் அந்த அசதியை மதித்தார். அவரே போன் போட்டு, ஸ்பீக்கரில் மேசை மேல் வைத்தார். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். பேர், ஷீட், துண்டு, தேதி, மத்தியானம் வாங்கின காகிதம் உட்பட.

"நான் எழுதினதைப் படிங்க," என்றது முதலாளியின் குரல்.

படித்தார். இதில் எவன் உட்காருவான்.

டிசைனரம்மா மேசை விளிம்பைப் பிடித்திருந்தார். வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்த்தார். போனில் ஒரு நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. யாரோ அதில் அசைந்து உட்காருவது போல் இருந்தது.

"எவன் உட்காருவான்னா எழுதினேன்," என்றார் முதலாளி. "நான்தான் உட்கார்ந்திருக்கேன். எட்டு வருஷமா." தொண்டையைச் செருமினார். "வேணாம்னு சிவப்புல எழுதினேன்ல? வேணாம்தான். மாத்த மாட்டேன். என் பையன் கேட்டா இதையே சொல்லுங்க, நானும் சொல்றேன்."

போனை வைத்துவிட்டாரோ என்று மைத்துனன் குனிந்து பார்த்தான்.

"அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்காளா?"

"இருக்கேன் சார்."

"அன்னிக்கு நாங்க அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாதும்மா." கொஞ்சம் நிறுத்தினார். "இப்பவாவது கை வருதா?"

"வரலை சார்."

"சரி," என்றார் முதலாளி. போன் அணைந்தது.

டிசைனரம்மா பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார். காலை மெல்லிசாக்கக் கூடாது என்ற வரி வந்ததும் அதை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, அதன் கீழே இன்னும் அழுத்திப் போட்டார். பத்திரத்தோடு இணைக்க, பொருத்தி வைத்த முதல் ஷீட்டின் நகல் ஒன்று வேண்டும் என்றார் வக்கீலம்மா. மூலையில் இருந்த மெஷினில் நகல் வந்தது. வெட்டுக் கோடு மெலிதாகத் தெரிந்தது. ஆளுக்கு ஷூ இருந்தது. வரைந்தவர் என்ற இடத்தில் டிசைனரம்மா பழைய பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினார்.

அதோடு நிறுத்தவில்லை. கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். பாக்கெட்டில் கைவிட்ட மனிதனின் தோளிலிருந்து ஒரு கோடு இழுத்தார். அது வளைந்து, நாற்காலியின் முதுகில் இருந்த இடைவெளி வரை போய், நாலு விரலாக அதற்குள் நுழைந்தது. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தார். வரைந்து முடித்ததும் நிமிர்ந்து மற்ற மூவரையும் பார்த்தார்.

முள்ளங்கியாகத்தான் வந்திருந்தது.

துப்பறிவாளர் திரும்பி மைத்துனனைப் பார்த்தார். மூன்று கடையை மூடியவன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயையும் மூடிக்கொண்டு நின்றான்.